பதுர்தீன் ஐஸில் மீன் பிடித்த கதை

மஃரிப் தொழுதுவிட்டு வந்து, பால் விடாத பிளேன்டியும் குடித்தாயிற்று. போன் மேசையில் மல்லாக்கக் கிடந்தது. ஒரு சத்தமும் இல்லை.

"இந்த வெள்ளியும் மகன் கோல் எடுக்க மாட்டான்," என்றாள் மனைவி ஸுஹைரா. "நீங்க கதைச்ச கதைக்கு யார்தான் எடுப்பாங்க?"

பதுர்தீன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். வாயைத் திறந்ததால் வந்த வினைதானே இது.

கனடாவுக்குப் போன நாளிலிருந்து மகன் ஹுனைஸ் வெள்ளி தவறாமல் அழைப்பு எடுப்பான். உம்மாவோடு ஊர்க்கதையெல்லாம் கதைத்துவிட்டு, "வாப்பா எங்க?" என்பான். வாப்பாவும் மகனும் கதைப்பது கொஞ்சம்தான். "கடல் எப்படி?" "பரவாயில்ல. அங்க குளிரா?" "ஓம்." அவ்வளவுதான். அந்தக் கொஞ்சமும் நின்றுபோன பிறகுதான் அதன் அருமை பதுர்தீனுக்குத் தெரிந்தது.

எல்லாம் ஒரு வீடியோவால் வந்தது. உறைந்துபோன ஏரி, கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. நடுவில் ஹுனைஸ், உடுப்புக்கு மேல் உடுப்புப் போட்டு மடக்குக் கதிரையில் குந்தியிருந்தான். ஐஸில் தோண்டிய ஓட்டைக்குள் தூண்டில். பக்கத்தில் இன்னோர் ஓட்டை, ஆளில்லாத இன்னொரு கதிரை. கடைசியில் ஒரு முழ மீனைத் தூக்கிக் காட்டி, "வாப்பா, பாருங்க!" என்றான்.

கண்டக்குழிக் கடலில் காலமெல்லாம் போட் ஓட்டியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் குரலைப் பதிந்து போட்டார்.

"டேய் மகன், மனிசன் மீனைப் பிடிச்சு ஐஸில போடுவான். நீ ஐஸில இருந்து மீனைப் பிடிக்கிறியா? நம்மட மீன் வாடியில ஐஸ் பெட்டி திறக்கிறவனும் இதத்தானே செய்றான்! அது சரி, ஒத்த ஆளுக்கு என்னத்துக்கு ரெண்டு கதிரை? மத்தது மீன் குந்தவா?"

பகிடிதான். ஆனால் அந்தப் பகிடி பக்கத்து வீட்டு நிஸாரின் போனுக்குப் போய், அங்கிருந்து போட்காரர்களின் குரூப்புக்குப் போய், பக்கத்து ஊர் ஆலங்குடா வரைக்கும் சிரிப்பாய்ச் சிரித்தது. ஹுனைஸ் குடும்பக் குரூப்பை விட்டே போய்விட்டான்.

சின்ன வயதில் அவனைப் போட்டில் ஏற்றினால் சத்திதான். கரை மறைய முன்பே குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுப்பான். மறுநாளும், "நானும் வாறன் வாப்பா," என்று வந்து நிற்பான். ஒருநாள் பதுர்தீன் எல்லாருக்கும் முன்னால், "நீ கரைக்குத்தான் சரி, இறங்கு," என்று இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு அவன் கேட்கவேயில்லை. அதை நினைக்க இப்போது நெஞ்சுக்குள் மீன்முள் சிக்கியது போலிருந்தது.

"நல்லதா நாலு வார்த்தை சொல்லி அனுப்புங்களேன்," என்றாள் ஸுஹைரா.

பதுர்தீன் தொண்டையைச் செருமிக்கொண்டு மகனின் நம்பருக்கே பேசி அனுப்பினார்.

"மகன், நான் யோசிச்சுப் பார்த்தன். அலையில்ல, காத்தில்ல, போட் கவிழுற பயமுமில்ல. சும்மா கதிரையில குந்திக்கிட்டு மீன் பிடிக்கவும் ஒரு மூளை வேணும்தான். உனக்கேத்த வேலை."

ஸுஹைரா தலையில் கைவைத்தாள். "யா அல்லாஹ், இதுவா நல்ல வார்த்தை?"

"பாராட்டித்தானே சொன்னன்!"

மகன் கேட்டுவிட்டான் என்று நீல அடையாளம் விழுந்தது. பதில் விழவில்லை.

மறுநாள் காலை நிஸார் ஒரு யோசனையோடு வந்தான். ஊர் முழுக்கப் பகிடியைப் பரப்பியவனும் அவன்தான், ஆனால் மனதில் கள்ளமில்லாதவன்.

"பதுர்தீன் நானா, வாயால சொல்றது உங்களுக்குச் சரிவராது. நீங்களும் அப்பிடிக் குந்தி ஒரு படம் எடுத்து அனுப்புங்க. நம்மட வாப்பாவும் நம்மளப் போல செஞ்சு பார்த்திருக்காரே எண்டு புள்ள சந்தோசப்படுவான்."

பதுர்தீனுக்கு அது பெரிய யோசனையாகத்தான் பட்டது. வாடிக்கு முன்னால் மணலில் ஐஸ் கட்டிகளை நெருக்கி அடுக்கி, இரும்பு அலவாங்கால் நடுவில் ஓட்டை போட்டார்கள். ஓட்டைக்குக் கீழே ஒரு பேசினில் தண்ணீர், அதற்குள் செத்த பாரை மீன் ஒன்று. மேலே பிளாஸ்டிக் கதிரை. கண்டக்குழி வெயிலில் பதுர்தீன் கம்பளித் தொப்பியும், யாரோ அரபு நாட்டிலிருந்து கொண்டுவந்த தடித்த ஜாக்கெட்டும் போட்டு, தூண்டிலோடு ஏறிக் குந்தினார். "எடுத்த கையோட சுணங்காம அனுப்பிடு," என்றார் நிஸாரிடம்.

"சிரிங்க நானா!"

சிரித்தார். வெயிலில் இளகிய ஐஸ் வழுக்கியது. கதிரை ஒரு பக்கம், தூண்டில் ஒரு பக்கம், பதுர்தீன் பேசினுக்குள். வாடியே கைதட்டியது. "கனடா பதுர்தீன்!" என்று யாரோ கூவினான்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பியவர் கேட்டார். "படம் வந்ததா?"

"படமில்ல நானா, வீடியோ. நல்லா வந்திருக்கு. உடனே ஹுனைஸுக்கு அனுப்பிட்டன்."

"அடப் பாவி! நான் விழுந்ததையுமா?"

"நீங்கதானே சுணங்காம அனுப்பச் சொன்னீங்க?"

பாரையோடு பாரையாக அந்தப் பேசினுக்குள்ளேயே கிடந்திருக்கலாம் என்று பட்டது பதுர்தீனுக்கு. இனி அந்தப் பிள்ளை சாகும்வரைக்கும் கதைக்கமாட்டான்.

வீட்டில் ஸுஹைரா ஏசாமல் இடுப்புக்கு எண்ணெய் பூசினாள். ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லது. அன்று மாலை அவளே மருமகள் றிஃப்னாவின் நம்பரைப் போட்டு, போனை அவர் கையில் திணித்தாள்.

"மகள், ஹுனைஸ் இல்லையா?"

"விடியவே ஏரிக்குப் போயிட்டார் மாமா."

"அவன்ட்டச் சொல்லு மகள், அது நையாண்டியில்ல. அவனப் போல செஞ்சு பார்க்கப் போய் என்ட இடுப்பும் போச்சு. பிழையெல்லாம் என்னிலதான். அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால போட்டில இருந்து இறக்கி விட்டேனே, அதுவும் பெரிய பிழை..."

றிஃப்னா மெல்லச் சொன்னாள். "அந்த ஏரி ஆடாதுதானே மாமா. அங்க அவருக்குச் சத்தி வாறல்ல. அதத்தான் உங்களுக்குக் காட்ட ஆசைப்பட்டார்."

பதுர்தீன் ஜாக்கெட் கையால் கண்ணைத் துடைத்தார். இன்னும் அதைக் கழற்றவில்லை.

"நல்லம், நல்லம். போகட்டும். தனியப் போக விடாத மகள். வீடியோவில அந்த மத்தக் கதிரைக்கு ஒரு கூட்டாளி இருப்பானே, அவன் கூடப் போயிருக்கானா?"

"கூட்டாளி ஒருத்தருமில்ல மாமா, அது உங்களுக்கெண்டு வாங்கின கதிரை, இண்டைக்கும் ரெண்டையும்தான் தூக்கிட்டுப் போனார்."