பதினெட்டுக் கூறு வெளிச்சம்

மனித குலம் இருட்டை முழுவதுமாக வென்றது எல்லையோர ஊரான முதலமடையில்தான். மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. புதன்கிழமையாகவும் இருக்கலாம், நினைவை நம்பி எதையும் அடித்துச் சொல்ல முடிவதில்லை. அன்றைய கூட்டத்தில் வடை கொடுத்தார்களா போண்டா கொடுத்தார்களா என்பதிலும் சந்தேகம்தான். ஆனால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்பதில் சந்தேகமே இல்லை. மினிட்ஸ் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

எல்லையோர மாந்தோப்பு உரிமையாளர் நலச் சங்கத்தில் பதினெட்டுக் குடும்பங்கள். பதினேழு தோப்புகள் ஊரை ஒட்டி, ரோட்டோரமாகப் பத்திரமாக இருக்கின்றன. பதினெட்டாவது, அப்புசாமியின் தோப்பு, கடைசியில் காட்டைப் பார்த்துக் கிடக்கிறது. எண்பத்து நாலு மரம். இரண்டு வருஷம் பூவெல்லாம் கருகிக் கொட்டியபின் இந்த வருஷம்தான் கிளை தாங்காமல் காய்த்திருந்தது. பறிப்புக்கு இன்னும் பத்து நாள். இதைக் காட்டில் இருந்த ஒரு கொம்பன் யானையும் கணக்கில் வைத்திருந்தது. உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வருவதைவிட ஒழுங்காக அது அந்தி ஏழு மணிக்கு வேலியோரம் வந்து நின்றது.

அப்புசாமி அதிகம் பேசாதவர். அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, டீ குடித்து வந்தாலும் பதிலுக்கு நேரம் இருக்கும். அப்படிப்பட்டவர் கூட்டத்தில் எழுந்து நின்று தன் அபேக்ஷையை வைத்தார்.

"தூரத்துல அடிக்கற மாதிரி ஒரு டார்ச்சு வேணுமுங்க. வேலிக்கு அக்கட்டால அது நிக்கறப்பவே தெரிஞ்சுட்டா, தகரத்தத் தட்டித் திருப்பிருவனுங்க. உள்ள வந்துட்டா அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. எம்பட மூணு பேட்டரிக் கட்டை டார்ச்சு வெளிச்சம் கெணத்து மேட்டோட நின்னு போயிருதுங்க."

தலைவர் பூபதிராஜா கண்களை மூடி, ஒரு குடும்பத்தின் துயரைச் சங்கத்தின் துயராக மாற்றினார். மாற்ற அரை நிமிஷம் பிடித்தது.

"கடைல விக்கற டார்ச்ச வாங்கறது நம்ம சங்கத்துக்கு அளகா இருக்காதுங்க. நாமளே 'டிசைன்' பண்ணோணும்."

அதற்காகக் கல்பாத்தியிலிருந்து சாய்கிருஷ்ணா வரவழைக்கப்பட்டார். விளக்குத் தொழிற்சாலையில் இன்ஜினியர். இருபத்தெட்டு வயது ஆகியும் உண்மையைச் சொல்லும் பழக்கம் அவரிடமிருந்து போகவில்லை.

"நன்னாக் கேட்டுக்கோங்கோ. தூரம் போகணும்னா ஒரே எல்.ஈ.டி. பல்பு, அதைச் சுத்தி ஆழமான கிண்ணம். வெளிச்சம் ஊசி மாதிரி போகும். பரவலா வேணும்னா நிறையப் பல்பு வெக்கலாம். ஆனா டார்ச்சோட தலை ஒண்ணுதானே? கிண்ணமெல்லாம் சின்னதாப் போயிடும், வெளிச்சம் தூரம் எட்டாது. பல்பு கூடினா சூடு கூடும். சூட்டை எறக்கணும்னா தலை பெரிசாகணும், பெரிசானா கனம். பாட்டரியும் சட்டுனு தீந்துடும். அப்புசாமி மாமாவுக்கு வேண்டியது ஒத்தைப் பல்பாக்கும்."

செயலாளர் ரமேஷ்குமார் மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, அந்த ஒத்தப் பல்பு யாரு ஊட்டுதுங்க?"

இந்தக் கேள்வியின் ஆழம் வெளியூர்க்காரர்களுக்கு எட்டாது. மாரியம்மன் நோன்பித் திருவிழாவுக்குக் கெடா வெட்டினால், வாழையிலையில் பதினெட்டுக் கூறு போடுவது இங்கே வழக்கம். தலைக்கறி மட்டும் தலைவருக்கு; மற்றபடி ஈரலும் எலும்பும்கூட எண்ணித்தான் விழும். பிறகு குலுக்கிப் போட்டு, அவரவர் கூறை அவரவர் எடுத்துப் போவார்கள். ஒரு கூறில் ஓர் எலும்பு கூடிப்போய், இரண்டு குடும்பங்கள் ஏழு வருஷம் பேசாமல் இருந்ததுண்டு. கறிக்கு ஒரு நியாயம், வெளிச்சத்துக்கு ஒரு நியாயமா? வீட்டுக்கு ஒரு பல்பு, மொத்தம் பதினெட்டு. தீர்மானம் எண் ஒன்று.

"அப்போ நடுவுல ஒண்ணைப் பெரிசா வெச்சு, சுத்திப் பதினேழு வெப்போம். நடுவாவது கொஞ்சம் தூரம் போகும்" என்று சாய்கிருஷ்ணா கெஞ்சினார்.

"நடு யாருக்குங்க?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தலைக்கறி வளக்கமா யாருக்குப் போகுதோ, அவிங்களுக்கே..." என்று பூபதிராஜா அடக்கத்துடன் தரையைப் பார்த்தார். பதினாறு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். நடு ரத்து செய்யப்பட்டது. பதினெட்டும் வட்டமாக வைக்கப்படும். தீர்மானம் எண் இரண்டு.

"அவிங்கவிங்க பல்பு வெளிச்சம் தனியாத் தெரியோணுமில்லீங்க? ஒண்ணோட ஒண்ணு கலந்துட்டா, எது எம்படதுன்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கறது?" என்றார் ரமேஷ்குமார். ஆகவே ஒவ்வொரு பல்பும் வெளிப்பக்கமாகச் சாய்த்துப் பொருத்தப்படும். தீர்மானம் எண் மூன்று.

சாய்கிருஷ்ணா தலையில் கை வைத்தார். "எல்லாத்தையும் வெளியில சாய்ச்சா, நேர் எதிர்ல என்ன தெரியும்?"

"நேர் எதுருல நம்ம உறுப்பினரு யாரோட தோப்பும் இல்லீங்களே தம்பி. வெறும் காடுதானுங்க" என்றார் தலைவர்.

குலுக்கலில் அப்புசாமிக்கு விழுந்தது அடிப்பக்கத்துப் பல்பு, தரையைப் பார்ப்பது. "சம்மதந்தானுங்க?" என்று கேட்டார்கள். அப்புசாமி பதிலை மனதுக்குள் திரட்டிக்கொண்டிருந்தார். நல்ல பதில். ஆனால் அது வாய்க்கு வருவதற்குள் மினிட்ஸ் புத்தகம் மூடப்பட்டுவிட்டது.

ஐந்தாம் நாள் டார்ச் வந்தது. எடை நாலரைக் கிலோ; தோளில் மாட்ட வார் உண்டு. தலையைச் சுற்றிச் சூடு இறங்க அலுமினியத் தகடுகள். அவை போதாமல் உள்ளே ஒரு சிறிய ஃபேன். அது ஓடினால் மிக்ஸியில் பொட்டுக்கடலை அரைக்கும் சத்தம். முழு வெளிச்சம் தொண்ணூறு வினாடி. அதன்பின் தானே தணிந்துவிடும். இல்லாவிட்டால் கை வெந்துவிடும். இதற்குச் சங்கம் 'ஓய்வு நிலை' என்று பெயரிட்டது. திறப்பு விழா பகல் பதினொரு மணிக்கு, கொளுத்தும் வெயிலில். எரிகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் மரியாதைக்குக் கண்களைச் சுருக்கிக்கொண்டார்கள்.

அப்புசாமி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அமுக்கிப் பார்த்தார். மனைவி சரஸ்வதியம்மாள் தொட்டுப் பார்த்து விரலை உதறினாள்.

"ஏனுங்க, இது டார்ச்சா, அடுப்புங்களா? மேல கல்லு வெச்சா தோச வெந்துருமாட்ட இருக்குதே."

நெடுநேரம் கழித்து அவர் சொன்னார்: "அன்னைக்கு நீயும் கூட்டத்துக்கு வந்திருக்கோணும்."

"நீங்க வாயத் தொறந்திருந்தா நான் எதுக்குங்க வரோணும்?"

அன்று ஏழு மணிக்குத் தோப்பில் ஒரு கிளை முறிந்தது. அப்புசாமி வாரைத் தோளில் மாட்டி, வேலியை நோக்கிப் பிடித்து அமுக்கினார்.

வெளிச்சம் என்றால் அதுவல்லவா வெளிச்சம்! இடதுபுறம் பூபதிராஜாவின் தோப்பு இலை இலையாகத் தெரிந்தது. வலதுபுறம் ரமேஷ்குமாரின் மோட்டார் ரூம், அதன் கதவில் தொங்கிய பூட்டு உட்படத் துலங்கியது. மேலே பனை உச்சிகள் பளபளக்க, விடிந்துவிட்டது என்று நினைத்துக் காக்கைகள் கிளம்பின. கீழே அப்புசாமியின் கால் நகங்கள் பத்தும் தனித்தனியாகத் தெரிந்தன. நேர் எதிரே மட்டும் வட்டமாக ஓர் இருட்டு. அந்த இருட்டுக்குள் யாரோ நிதானமாக மாங்காய் தின்றுகொண்டிருந்தார்கள்.

அவர் டார்ச்சைச் சற்றே வலப்பக்கம் திருப்பினார். பூபதிராஜாவின் பங்கு வெளிச்சம் நகர்ந்து வந்து யானையின் நெற்றியில் விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அல்ல. பதினைந்தடி தூரத்தில்.

தகரம் வீட்டில் இருந்தது. நாலரைக் கிலோவோடு அதையும் தூக்க அவருக்கு மூன்றாவது கை இல்லை. அந்த நேரம் பார்த்துத் தொண்ணூறு வினாடி முடிந்து ஓய்வு நிலை வந்தது. ஃபேன் சுழலத் தொடங்கியது. யானை அதுவரை மாங்காயில்தான் கவனமாக இருந்தது; அந்தச் சத்தத்தைக் கேட்டதும் காதுகளை விரித்துக்கொண்டு ஓரடி முன்னே வைத்தது.

அப்புசாமி வாழ்நாளில் முதல்முறையாக யோசிக்காமல் ஒரு முடிவு எடுத்தார். ஓடினார். டார்ச் தோளில் கிடந்து இடுப்பைச் சுட்டது. சரஸ்வதியம்மாள் கதவைத் திறந்து அவரை உள்ளே இழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு வந்த ஐந்து அந்திகளிலும் யானை வந்தது. பறிப்புக்குக் குறித்த நாளில் மரங்கள் முறிந்து கிடந்தன; பறிப்பதற்கு எதுவும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் அப்புசாமி எழுந்தார். இம்முறை பதிலை வீட்டிலேயே திரட்டிக்கொண்டு வந்திருந்தார். "ஒத்தப் பல்பு போதுமுன்னு அன்னைக்கே அந்தத் தம்பி சொன்னாருங்க."

"அவரு சொன்னாருங்க. நீங்க ஒண்ணுஞ் சொல்லலீங்களே?" என்று ரமேஷ்குமார் மினிட்ஸைத் திருப்பிக் காட்டினார்.

இனி, யார் யார் என்ன ஆனார்கள் என்பது. டார்ச் சங்க அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது; சுதந்திர தினத்தன்று தொண்ணூறு வினாடி எரிகிறது. பூபதிராஜா இப்போது கௌரவத் தலைவர்; ரமேஷ்குமார் தலைவர். சாய்கிருஷ்ணா பெங்களூரில் கார் விளக்கு செய்கிறார். யார் எத்தனை பல்பு கேட்டாலும் சரி என்கிறார். யானை உடம்பு தேறிக் காட்டில் சுகமாக இருக்கிறது. அப்புசாமி கோவிந்தாபுரத்துக் கடையில் ஒற்றைப் பல்பு டார்ச் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். முறிந்த மரங்கள் காய்க்க இன்னும் மூன்று வருஷம் ஆகும் என்பதால் அது ஆணியில் தொங்குகிறது.

சங்கத்தின் ஆண்டறிக்கை எல்லோருக்கும் கிடைத்தது. அப்புசாமியின் பங்கு வெளிச்சம் கடைசிவரை அவர் காலடியிலேயே விழுந்ததால்தான் அவரால் இடறாமல் ஓட முடிந்தது என்று அதில் பெருமையுடன் குறிப்பிட்டிருக்கிறார்கள். மீதிப் பதினேழு பங்கும் வீண்போகவில்லையாம்: யானை ஒருநாளும் வராத பதினேழு தோப்புகளிலும் இந்த ஆண்டு ஒரு காய்கூடச் சேதமில்லை.