கீழ்வீட்டை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு

மே 19, காலை

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

தங்கள் 3ஆம் தேதியிட்ட கடிதம் 8ஆம் தேதி கிடைத்தது. ஏழாம் தேதியே வந்ததாக உங்கள் அக்கா சாதிக்கிறாள், பொருட்படுத்த வேண்டாம். இது தங்கள் மகள் மீதான புகார்.

மாடிக்கு ஏசி வேண்டுமென்று உங்கள் அக்காவும், வெறுந்தரையில் படுத்தாலே போதுமென்று நானும் வாதாடி வருவதைத் தாங்கள் அறிவீர்கள். கீழ்வீட்டிலிருக்கும் என் தம்பி ஏசி வாங்கியதை ஆடம்பரம் என்று நான் சொன்னதால்தான் அவனுக்கும் எனக்கும் சென்ற ஆண்டு மார்ச் 2 முதல் பேச்சில்லை. கட்டடங்களின் மின்செலவைக் கணினியில் கணிக்கும் தங்கள் மகள் 10ஆம் தேதி வந்தபோது, எங்கள் மாடியையும் கணித்து என் பக்க நியாயத்தை நிலைநாட்டச் சொன்னேன். "முழு வீட்டையும் போடட்டுமா மாமா, மாடி மட்டுமா?" என்றாள். "மாடி மட்டும். கீழ்வீட்டுப் பேச்சையே எடுக்காதே." "அப்போ கீழேயும் இதே சூடுன்னு வச்சுக்கறேன். தரை வழியா சூடு போகாது, வராது." "பேச்சே போகாத தரைம்மா அது! சூடு எங்கே போகப் போகுது? தாராளமா வச்சுக்கோ."

12ஆம் தேதி விடை வந்தது. பிற்பகலில் என் அறை 36 டிகிரி என்றது கணினி. சுவரில் மாட்டிய வெப்பமானியோ 32 என்றது. தங்கள் மகள் குனிந்து தரையைத் தொட்டாள், என்னைக் கேட்காமலே கீழே ஓடினாள், சிரித்துக்கொண்டே திரும்பினாள். "நீங்க படுக்கிற இடத்துக்கு நேர் கீழதான் மாமா அவங்க பெட்ரூம். பகல் பூரா ஏசி ஓடுது. அந்தக் குளிர்ல தரை சில்லுனு ஆயிடுது!" உடனே உங்கள் அக்கா, "அடேயப்பா! உங்க வைராக்கியமெல்லாம் உங்க தம்பியோட கரண்டா?" என்றாள். பேசாத தம்பியின் குளிரில் நான் குறட்டை விட்டிருக்கிறேன் என்றால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். உங்கள் அக்கா சொல்லி, தெருமுனைத் தையற்காரர்கூட அளவெடுக்கும்போது, "தரை சௌக்கியமா சார்?" என்கிறார்.

ஆகவே அவன் குளிர் மேலே ஏறாதபடி தரை முழுவதும் தடித்த ரப்பர் விரிப்புப் போட 21ஆம் தேதி ஆள் வருகிறார். ஏசி வராது. தம்பியோடு பேச்சும் கிடையாது. தங்கள் மகள் அக்கணக்கை அழித்துவிட வேண்டும்.

தங்கள் துணைவியாருக்கு என் அன்பு. மகளுக்கு, மேற்படி குற்றம் நீங்கலாக, ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் கணவர்

பி.கு.: அதே தேதி, மாலை. மதியம் படுத்தேன், தரை கொதித்தது. புரண்டு புரண்டு பார்த்தேன், முடியவில்லை. இறங்கிப் போய்க் கதவைத் தட்டி, "டேய், ஏசிக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டுவிட்டேன். தம்பி வாயைப் பிளந்தான். "காலையிலேயே நின்னுடுச்சுண்ணா. அது சரி, மாடில இருக்கற உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" விரிப்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. தம்பிக்கு என்ன பதில் சொல்வதென்று மட்டும் மறுதபாலில் தெரிவிக்கவும்.