சில்லுக்குப் பின்னால் இருந்த கல்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று பேரை ஊரில் பெற்றேன், இரண்டு பேரை வெளிநாடு வந்து டோர்ட்மண்டில் பெற்றேன். இருபத்திரண்டு வருடம் இந்த நகரத்தில் பள்ளிக்கூடம் கழுவினேன். (நான் கழுவிய தரையில் ஒரு பிள்ளையும் வழுக்கி விழுந்ததில்லை. யாரையும் கேட்டுப் பாருங்கள்.) ஒருவரிடமும் கைநீட்டியதில்லை, ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதுமில்லை. முதலாவதற்கு இன்றும் பெருமைப்படுகிறேன். இரண்டாவதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன், போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. பேத்தி அபியின் கணக்குக் கொப்பியில், ஒரு பெட்டிக்கு ஒரு எழுத்தாக வைத்து இதை எழுதுகிறேன். அதனால் மெதுவாகத்தான் சொல்லுவேன். அவசரமானவர்கள் வேறு ஏதாவது வாசிக்கலாம்.

வசந்தி என் கடைசி மகள். கலியாணம் சரிவராமல் அபியையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தவள். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. அதை விட்டு, காரில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அந்த வேலைக்குக் காரோட்டத் தெரிய வேண்டும். முப்பத்தொன்பது வயதில் பழகப் போனாள். எழுத்துச் சோதனையில் முதல் தரமே பாஸ். ஓட்டச் சோதனையில் இரண்டு தரம் விழுந்தாள்.

அந்த இரண்டு தரமும் நான் சொன்னது ஒன்றுதான்: “உனக்கேன் பிள்ளை இந்த வில்லங்கம்? பஸ் இருக்கு, ட்ராம் இருக்கு.”

மூன்றாம் தரம் பாஸ் பண்ணிவிட்டாள். நான் அவளுக்குக் கேசரி செய்து கொடுத்தேன். கெட்டிக்காரி என்று சொல்லவில்லை.

அந்த வருடம்தான் அவள் லீவு எடுத்தாள். “அம்மா, உங்களை ஒரு நல்ல இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன். நானே காரோடிக் காட்டுறன். திரும்பி வந்து அந்த வேலைக்கு எழுதிப் போடப் போறன்,” என்றாள். ரீயூனியன் என்று ஒரு தீவு. இந்து சமுத்திரத்தின் நடுவில் எரிமலை கக்கி உண்டானது. வெக்கையும் மழையும் கரும்புமாக ஊர் மாதிரியே இருக்கும், ஆனால் பிரான்சுக்குச் சொந்தம். அபி பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கிறபடியால் பேச்சுக்கும் ஆள் இருந்தது. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

நான் டோர்ட்மண்டிலிருந்தே ஆயத்தமாகப் போனேன். கைப்பைக்குள் நாலு தேசிக்காய். (எலுமிச்சம்பழம் என்று இந்தியப் பிள்ளைகள் சொல்லுவார்கள்.) புதுக் காரை எடுத்தால் நாலு சில்லுக்கும் முன்னால் நாலு வைத்து, ஏற்றி ஓட்ட வேண்டாமா? பாஸ் பண்ணி நாலு மாதமேயான பிள்ளை மலையில் ஓட்டப் போகிறாள். எனக்கு அவளில் நம்பிக்கை இல்லை. உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வாடகைக் கார் கொடுத்த மனிதர் சாவியைக் கொடுத்து நெடுநேரம் விளக்கினார். அபி தாய்க்கு மொழிபெயர்த்தாள்.

“அம்மா, ஹாண்ட்பிறேக் கொஞ்சம் இளக்கமாம். சரிவிலை விட்டால் சில்லுக்குப் பின்னாலை கல் வைக்கட்டாம்.”

அந்த நேரம் நான் குனிந்து முதலாவது தேசிக்காயை வைத்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா! என்ன செய்யிறியள்? இது வாடகைக் கார். அந்த மனிசன் பாக்குது!”

“பாக்கட்டும். பாத்துப் பழகட்டும்.”

“கடவுளே... எடுத்து உள்ளுக்கை வையுங்கோ அம்மா. அபி, அம்மம்மாவைப் பிடி!”

இரண்டு பேருமாக என்னைப் பிடித்துக் காருக்குள் ஏற்றினார்கள். தேசிக்காய்கள் கைப்பைக்குத் திரும்பிப் போயின.

முதல் இரண்டு நாளும் அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். நான் முன்சீற்றில் இருந்தேன். என் காலடியில் பிரேக் இல்லை. இருந்தும் தீவின் பாதித் தூரம் நான் பிரேக் போட்டுக்கொண்டே போனேன்.

“ஐயோ பிள்ளை, மெல்ல, மெல்ல!”

“அம்மா, நாங்கள் நிக்கிறம். சிவப்பு லைட்.”

மூன்றாம் நாள் எரிமலை பார்க்கப் புறப்பட்டோம். பாதை வளைந்து வளைந்து மேலே ஏறியது. இரண்டு பக்கமும் ஆளுயரக் கரும்பு. அரைமணி நேரத்தில் அபிக்குத் தலைசுற்றி வயிற்றைப் பிரட்டியது. வசந்தி ஓரமாக நிறுத்தினாள். நல்ல சரிவு. ஹாண்ட்பிறேக்கை இரண்டு கையாலும் இழுத்தாள். இறங்கி, பாதையோரம் மழைத்தண்ணி ஓடும் கானுக்குள் கிடந்த ஒரு கறுப்புக் கல்லைத் தூக்கி வந்து பின்சில்லுக்கு அணையாக வைத்தாள். காலால் உதைத்தும் பார்த்தாள். என் இரண்டு கண்ணாலும் கண்டேன்.

“அந்த வளைவிலை ஒரு மனிசி அன்னாசிப்பழம் விக்கிறா. தண்ணி வேண்டி இவளின்ரை முகத்தைக் கழுவிப்போட்டு வாறன். நீங்கள் காருக்குள்ளையே இருங்கோ அம்மா.”

“ஓம், ஓம்,” என்றேன்.

அவர்கள் வளைவில் மறைந்ததும் இறங்கினேன்.

பாதையின் மறுபக்கத்தில், இருபது அடி தள்ளி, பெட்டி போல ஒரு சின்னக் கோயில். முழுக்கச் சிவப்பு நிறம். பூவும் மெழுகுதிரியும். வைரவர்தான், வேறு யார்? வழியில் வைரவர் நிற்கிறார், கைப்பைக்குள் தேசிக்காய் இருக்கிறது, முதல்நாள் சந்தையில் வாங்கிய தேங்காயும் இருக்கிறது, தடுக்கிறவர்கள் பக்கத்தில் இல்லை. இப்படி ஒரு நேரம் இனி வருமா?

நாலு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்தேன். தேங்காய் உடைக்க ஒரு கல் வேண்டும். தீவே எரிமலைக் கல். ஆனால் என் முழங்காலுக்கு எட்டிய தூரத்தில் புல்லுத்தான். கானுக்குள் இறங்க ஏலாது. குனிந்த இடத்தில் கைக்கு எட்டியது ஒரே ஒரு கல்.

அது எதற்காக அங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும். ஐந்து நிமிடத்துக்கு முன்னர்தான் அவள் வைத்ததைப் பார்த்தேன். ஆனால் தேசிக்காய் வைத்தாயிற்றே, இனி இந்தக் கல் எதற்கு என்று நினைத்தேன். மகளின் கல்லை நான் நம்பவில்லை. என் தேசிக்காயை நம்பினேன். ஆட்டிப் பார்த்தேன், கல் கையோடு வந்துவிட்டது. கார் அசையவில்லை. பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பாதையைக் கடந்தேன்.

கிட்டப் போய்ப் பார்த்தால் வைரவர் இல்லை. வேதக்காரரின் ஒரு புனிதர். அந்தக் காலத்துப் படைவீரனின் உடுப்பு, கையில் சிலுவை. வந்தது வந்துவிட்டேன். என் காலத்தில் எத்தனையோ படைவீரர்களுக்கு முன்னால் கைகட்டி நின்றிருக்கிறேன். தேங்காய் உடைத்தது இவர் ஒருவருக்குத்தான். ஒரே அடி. சரிபாதியாகப் பிளந்தது. நல்ல சகுனம் என்று நிமிர்ந்தேன்.

கார் போய்க்கொண்டிருந்தது.

சத்தமில்லாமல், பெரியவர்களுக்கு முதுகு காட்டக் கூடாது என்பது போல, முகத்தை என் பக்கம் வைத்துக்கொண்டே பின்னால் போனது. அதைத் தொடர்ந்து நாலு தேசிக்காயும் உருண்டு போயின. பாதையில் ஒரு குருவியும் இல்லை. (இருந்திருந்தால்? ஒரு பிள்ளை நின்றிருந்தால்? அதை மட்டும் என்னால் முழுதாக நினைக்க ஏலாது.) கார் ஓரத்தால் இறங்கிக் கரும்புக்குள் புகுந்தது. சடசடவென்று முறிகிற சத்தம். பிறகு கூரை மட்டும் தெரிந்தது.

சத்தம் கேட்டு வசந்தி ஓடிவந்தாள். அவள் காரைத் தேடவில்லை. “அம்மா! அம்மா!” என்று கத்திக்கொண்டு நேரே கரும்புக்குள் பாய்ந்தாள். நான் உள்ளே இருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் இந்தப் பக்கம், இரண்டு கையிலும் இரண்டு தேங்காய்ப் பாதியோடு நிற்கிறேன்.

“அம்மா, அம்மம்மா இஞ்சை நிக்கிறா!” என்று அபிதான் கத்தினாள்.

வசந்தி வெளியே வந்தாள். கரும்புச் சோகை கையெல்லாம் கீறி இரத்தம். என்னைக் கண்டதும் அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

“நான் கல் வைச்சனான் தானே அம்மா? நீங்கள் பாத்தனீங்கள் தானே?”

கல் எனக்குப் பின்னால், புனிதரின் காலடியில், தேங்காய்த் தண்ணீரில் நனைந்து கிடந்தது.

“நான் கவனிக்கேல்லைப் பிள்ளை,” என்றேன்.

இதைத்தான் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் இதற்கு வழி.

“நான் வைச்சனான்... வைச்ச மாதிரித்தான் கிடக்கு,” என்றாள். பிறகு, “தெரியேல்லை” என்றாள்.

கரும்புக்காரர் உழவு இயந்திரத்தோடு வந்தார். முகம் எங்கள் முகம், நெற்றியில் பொட்டு, பெயர் வீராசாமியாம். அந்தப் பெயருக்கு மேல் அவரிடம் ஒரு தமிழ்ச் சொல்லும் இல்லை. காரை மேலே இழுத்துவிட்டார். பின்லைட் இரண்டும் இல்லை, பம்பர் தொங்கியது. பிறகு பாதையைக் கடந்து போய்ப் புனிதரைக் கும்பிட்டார். தெறித்துக் கிடந்த சிரட்டைத் துண்டைப் பார்த்தார். நனைந்த கல்லைப் பார்த்தார். கானுக்குள் கிடந்த தேசிக்காய்களைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தால் அபி மொழிபெயர்த்து விடுவாளே என்று எனக்குப் பயம். அவர் கல்லைத் தூக்கிவந்து, சில்லுக்குப் பின்னால் வைத்து, காலால் உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

வாடகைக் கார் கொடுத்த மனிதர் வேறு கார் கொடுக்கச் சம்மதித்தார். வசந்தி சாவியை மேசையில் வைத்துவிட்டாள். மிச்ச ஐந்து நாளும் பஸ். எரிமலையைக் கடைசிவரை பார்க்கவில்லை. டோர்ட்மண்ட் வந்த பிறகு அந்த வேலைக்கு எழுதிப் போடவுமில்லை. மூன்று வருடமாகக் காரைத் தொடவில்லை.

ஆனால் வீட்டில் எல்லோருக்கும் நல்ல பகிடி கிடைத்தது. எரிமலை பார்க்கப் போய்க் கரும்பு பார்த்து வந்தவர்கள் நாங்கள். போன ஞாயிறு மூத்தவன் சாப்பிட வந்தான். வசந்தி அப்போதுதான் வேலையால் களைத்துப்போய் வந்து கதிரையில் உட்கார்ந்திருந்தாள்.

“வசந்தி, கதிரையிலை இருக்கிறாய். ஹாண்ட்பிறேக் போட்டனியோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று வருடமாக நானும் சிரிக்கிறேன். வசந்தியும் சிரித்துவிட்டு, இன்னும் குடித்து முடியாத தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாள்.

பிறகு அபி என் காதில் சொன்னாள்: “அம்மம்மா, காரிலை வீடு வீடாய்ப் போற அந்த வேலைக்கு ஆள் தேவையெண்டு அம்மாவைக் கேட்டிருக்கினம். வெள்ளிக்கிழமைக்கிடையிலை மறுமொழி சொல்ல வேணும். தன்னாலை ஏலாதெண்டு எழுதி வைச்சிருக்கிறா. இன்னும் அனுப்பேல்லை.”

முதலில் பயத்தில் சொல்லாமல் விட்டேன். பிறகு பெருமையில் விட்டேன். அதற்குப் பிறகு பழகிவிட்டது. அவளுக்கு முன்னால் நின்று சொல்ல இந்த மூன்று நாளாய்ப் பார்க்கிறேன். குசினி வாசல் வரைக்கும் போவேன், உப்பு இருக்கா என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன். வீட்டில் இப்போது உப்புக்குக் குறைவில்லை. வாயால் ஏலாது. அதுதான் எழுதினேன்.

வசந்தி, நீ கல் வைத்தாய். சரியாக வைத்தாய். உதைத்தும் பார்த்தாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தது நான். நீ நல்லாய்க் காரோடுவாய். என்னை மன்னித்துக்கொள். இனி அந்தப் பகிடியை என் பெயரில் சொல்லட்டும், மூத்தவனிடம் நானே சொல்லுகிறேன்.

அபி, இஞ்சை வா. இதைத் திருப்பி வாசி. எழுத்துப் பிழை இருந்தால் திருத்து, கல்லு வாற இடத்தில் மட்டும் கை வையாதே. இன்றைக்குப் புதன்கிழமைதானே? கொம்மா குசினிக்குள்ளை நிக்கிறா. கதவை நல்லாய்த் திறந்துவிட்டு, சத்தமாய் வாசி.