நாலு வரி மனு

மனிதரில் ஒரு வகை உண்டு. மனுப்புலவர் என்று பெயர் வைக்கலாம். வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதச் சொன்னால் இவர்கள் வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்பார்கள்: கருணை, மன்னிப்பு, திருவடி நிழல். துரையின் பரந்த மனதுக்கு ஒரு பக்கம், துரைசானியின் நீண்ட ஆயுளுக்கு அரைப் பக்கம், வீட்டு வறுமைக்கு இரண்டரைப் பக்கம், அடியில் கையெழுத்து. எழுதியவருக்கு என்ன தெரியும்? அதற்குத்தான் இடம் இல்லையே!

முப்பத்தாறாம் வருஷத்துப் போடிநாயக்கனூர் ஞானசிகாமணியைப் பாருங்கள். தகப்பனார் பொன்னுராஜ் கடைவீதியில் ஏலக்காய் வியாபாரி. அவரோடு பல வருஷம் மலை ஏறி இறங்கியதில் ஞானசிகாமணிக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. சரக்கைக் கையில் அள்ளினாலே தரம் சொல்லிவிடுவார். தத்துவப் புத்தகங்கள் படித்ததுதான் கெடுதலாகப் போயிற்று. மலைமேல் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை காலி. அது கிடைத்தால், அவர் மனதில் வைத்திருந்த சொர்ணலதாவைக் கட்டித் தருவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். கிறிஸ்துமஸ் வரைதான் கெடு.

ஞானசிகாமணி ஆறு நாள் உட்கார்ந்து ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதினார். மூன்றாம் பக்கத்தில் வறுமை போதாது என்று தோன்றவே, மனுப்புலவர் வழக்கப்படி தகப்பனாரைக் கொன்றார். இந்தப் பக்கத்து மனுக்களில் செத்த தகப்பன்மாரை எண்ணினால், கொள்ளை நோய் என்று சுகாதார அதிகாரி ஓடி வருவார். கொன்ற கையோடு உறையை ஒட்டி, மறுநாள் மலையேறுகிறவரிடம் கொடுத்தனுப்பினார். மலையேறியவர் யார்? பொன்னுராஜேதான். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மகனுக்கோ, தாம் எழுதிய வாக்கியங்களின் அழகைத் தவிர வேறொன்றும் அப்போது நினைவில் இல்லை.

எஸ்டேட்டின் பெரிய ரைட்டர் செல்லப்பாண்டி மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"அப்பன்ங்கய்யா."

"அவுகதான் போன பங்குனியில காலமாயிட்டாகளே!"

பொன்னுராஜ் ஒரு கணம் திகைத்தார். வியாபாரியல்லவா, சுதாரித்துக்கொண்டார்.

"ஆமாங்கய்யா. திடீர்னு போயிட்டேன்."

செல்லப்பாண்டி சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. "இங்கன இருபத்திமூணு மனு கெடக்கு. ஒருத்தருக்கும் அப்பன் இல்ல. அது எனக்கு எதுக்கு? தராசு பிடிப்பாரா, மலையாளம் பேசுவாரா? ஒரு வரி இல்லையே."

"எல்லாம் அத்துபடிங்க. அள்ளுன கையிலயே தரம் சொல்லிருவான்."

"சரி, செத்தவர் சொல்றாரு, நம்புறேன். அதை நாலு வரியில எழுதி அனுப்பச் சொல்லுங்க. திங்கக்கிழமை துரை பாக்குறாக."

பொன்னுராஜ் இரண்டே எட்டில் மலை இறங்கினார். "ஏலே, என்னைய எங்கனடா பொதச்ச? நாலே வரி எழுதுடா. இந்தத் தடவை ஒருத்தரையும் கொல்லாத."

ஞானசிகாமணி எழுதினார்: 'எனக்கு மலையாளம் தெரியும்.' பார்த்தார். மொட்டையாக இருந்தது. 'எனக்கு' என்றால் யாருக்கு? 'நான்' என்பது என்ன என்று பேரறிஞர்களே முடிவு கட்டவில்லை. 'தெரியும்' என்று எதைப்பற்றித்தான் துணிந்து சொல்ல முடியும்? இவ்விரண்டையும் துரைக்கு விளக்காமல் மேலே போவது நேர்மையா? விளக்கினார். திங்கட்கிழமை விடிந்தபோது ஐந்தாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

வேலை சங்கிலி என்பவருக்குப் போயிற்று. கிறிஸ்துமஸுக்குச் சொர்ணலதாவைப் பெரியகுளத்து வாத்தியார் ஒருவர் கைப்பிடித்தார். சங்கிலி மனுவாக எழுதிய தபால் கார்டைச் செல்லப்பாண்டி பொன்னுராஜிடம் கொடுத்தனுப்பியிருந்தார், மகனுக்குக் காட்டச் சொல்லி. 'மலையாளம் பேசுவேன். தராசு பிடிப்பேன். மலை ஏறுவேன். சொன்ன அன்றே வருவேன்.'

ஞானசிகாமணி அதை இரண்டு முறை படித்தார். கார்டைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார்.

"நடையில கொஞ்சம் வறட்சி," என்றார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்களுக்கு என்ன தெரியும் என்று நாலு வரி எழுதுங்கள் பார்ப்போம். முதல் வரியில் மன்னிப்புக் கேட்கக் கூடாது, யாரையும் சாகடிக்கக் கூடாது. அவசரமில்லை. நாலு வரியில் சொல்லவேண்டிய இந்தக் கதையை இவ்வளவு நீளம் இழுத்த ஓர் ஆசாமி உங்களுக்குத் துணைக்கு இருக்கிறார்.