எல்லா விலையும் ஏறிவிட்டால்

பால் சுண்டும் மணம் எல்லாருக்கும் இனிப்பின் மணம். எனக்கு மட்டும் அது அவமானத்தின் மணம். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும்போது, ஏதோ ஓர் அடுப்பிலிருந்து கிளம்பி வந்து ஜன்னல் வழியே என் மடியில் உட்காரும். உடனே நான் மீசை சரியாக அரும்பாத இளைஞனாகிவிடுவேன். கையில் சாக்பீஸ், முதுகில் வியர்வை.

கல்லூரியில் பொருளாதார விரிவுரையாளர் வேலை. இருந்தது ஒரே இடம். வந்தது இரண்டு பேர்: நானும், வராந்தாவில் எதிரே உட்கார்ந்து கடைசி வரை புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காத ஒரு பச்சைப் புடவைப் பெண்ணும். (நான் புத்தகமே கொண்டுபோகவில்லை. அம்புட்டுத் தன்னம்பிக்கை!) ஆளுக்கொரு மாதிரி வகுப்பு, தலைப்பு, ஒரு நாட்டின் மொத்தத் தேவை. தோற்றால் மாமாவின் நூற்பாலையில் டைம் கீப்பர் நாற்காலி. என்னைப் போலக் கவிதை எழுதுகிறவனுக்கு மில் சங்குச் சத்தத்தோடு ஆயுள் பந்தம்.

பின் பெஞ்சில் முதல்வரும் துறைத் தலைவி அம்மாவும். நான் பையிலிருந்து பால்கோவாப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"எங்க வாங்குனது சார்?" என்றான் ஒரு மாணவன்.

"ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல."

வகுப்பு சிரித்து ஓய நேரமாயிற்று. (ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியூர்ப் பால்கோவா சுமந்த முதல் மனிதன் நான்.)

"சரி, இதோட விலை ஏறினா என்ன செய்வீங்க?"

"அல்வாவுக்கு மாறிருவோம் சார்," என்றாள் முன் பெஞ்சிலிருந்த மம்சாபுரத்துப் பெண்.

"அதேதான்! விலை ஏறினால் தேவை குறையும். நாட்டுக்கும் அப்படியே!" கரும்பலகையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தேன். மழைக்குப் பிறகு தெரியும் மலைச்சரிவு போல அத்தனை அழகு. நானே மயங்கி நின்றேன்.

அதே பெண் கையைத் தூக்கினாள். "சார், பால்கோவா மட்டும் ஏறுனா அல்வாவுக்குப் போலாம். அம்புட்டு வெலையும் சேந்து ஏறிட்டா, எதுக்கு சார் மாறுறது?"

அதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பல்லைக் காட்டிக்கொண்டே சொன்னேன்:

"ராஜபாளையம் போய் வாங்குவோம்."

இந்த முறை முதல்வரும் சிரித்தார். "போதும் தம்பி," என்றார் துறைத் தலைவி.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் டீ விலை ஏறியிருந்தது. வடை விலையும் ஏறியிருந்தது. சட்டைப் பையில் இருந்தது மட்டும் பழைய காசு.

"வடை வேண்டாம்ண்ணே, டீ போதும்."

"ஏன், வேற கடைக்குப் போறியளோ?" என்றார் கடைக்காரர்.

"எங்கயும் போகல."

சொன்ன வாய் திறந்தபடி நின்றது. நான் எதற்கும் மாறவில்லை, எங்கும் போகவில்லை. காசு அதே காசு, அதன் தெம்பு குறைந்துவிட்டது, அதனால் ஒரு வடையை விட்டேன். ஊரே இப்படி ஆளுக்கொரு வடையை விட்டால், அதுதான் அந்தக் கோடு! (ராஜபாளையம் பதிலும் முழுப் பிழையில்லை. இங்கே விலை ஏறினால் வெளிநாட்டுச் சரக்குப் பக்கம் கொஞ்சம் பேர் சாய்வார்கள். நான் நாட்டை ஊராகச் சுருக்கிவிட்டேன்.)

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். வெயிலும் கூடவே ஓடி வந்தது. வகுப்பறைக் கதவைத் தள்ளித் திறந்து கத்தினேன்: "வடை! வடையை விட்டுருவோம்!"

கரும்பலகை அருகே பச்சைப் புடவை. அவள் தலைக்குமேல் என்னுடையதைவிட நேரான ஒரு கோடு.

மம்சாபுரத்துப் பெண் எழுந்து, பரிதாபத்தோடு சொன்னாள்: "அத அவிய இப்பத்தான சார் சொன்னாவ."

வேலை பச்சைப் புடவைக்கு. எனக்கு மாமாவின் மில். அந்தக் கோடு சரிவதற்கான மற்ற காரணங்களைக் கேட்க அடுத்த வாரம் அவளைத் தேடிப் போனேன். காரணங்கள் தீர்ந்த பிறகும் போனேன். கல்யாணத்தில் முடிந்தது. இன்றும் வீட்டில் நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால் என் மகள், "அம்மா, அன்னைக்கு அப்பாவ என்ன சொல்லி அனுப்புனீங்க?" என்று கேட்பாள். அவளுக்கு அது மனப்பாடம். ஆனாலும் அம்மா வாயால் கேட்க வேண்டும்.

அன்று மூச்சிரைக்க வகுப்பு வாசலில் நின்ற என்னைப் பார்த்து, சாக்பீஸைக் கூடக் கீழே வைக்காமல் அவள் சொன்னது இதுதான்:

"சரியான பதில்தான் சார். போறப்ப கதவச் சாத்திட்டுப் போங்க."