க்யூ பாப்பா போட்ட துண்டு

திருத்தணியில் இதுவரை வரிசையில் நின்ற ஒரே ஜீவன் எங்கள் க்யூ பாப்பாதான். மலை மேலே முருகனைப் பார்க்க எல்லாரும் நிற்கிறார்களே என்று நீங்கள் சண்டைக்கு வரலாம். அங்கே இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி போட்டு அடைத்திருக்கிறார்கள்; நிற்காமல் வேறு எங்கே போவது? கம்பி இல்லாத இடத்தில், யாரும் அதட்டாமல், முன்னால் ஆளே இல்லாதபோதும் வரிசையில் நின்றவள் அவள் ஒருத்திதான். அவள் பிறந்தது டென்மார்க்கில்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்கே வந்து, நம் வீட்டில் தங்கி, நம் பிள்ளைகளோடு ஒரு வருஷம் படிக்கிற திட்டம் ஒன்று இருக்கிறது. என் மகள் மதியின் பள்ளியில், யார் வீட்டில் தங்க வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டார்கள். மற்ற பெற்றோர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் கையைத் தூக்கிவிட்டேன். எதையும் யோசித்துச் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. என் கல்யாணமே அப்படித்தான் நடந்தது.

என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. அங்கே அவருடைய அண்ணன் வீட்டில் தறி ஓடுகிறது. இங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இவர் லுங்கி, துண்டுக் கடை வைத்திருக்கிறார். ரயில் நிலையத்தில் அந்தப் பெண் வந்து இறங்கியதும், அண்ணன் தறியில் நெய்த சிவப்புக் கரைத் துண்டு ஒன்றை அவள் தோளில் போர்த்தினார். போர்த்துவதற்கு எம்பிக் குதிக்க வேண்டியிருந்தது. பதினாறு வயசுதான், ஆனால் எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்து நுழைந்த முதல் ஆள் அவள். அவளுடைய பெயரைச் சொல்லத் தொண்டையில் தனியாக ஒரு வசதி வேண்டும். எங்கள் தெருவில் யாருக்கும் அது இல்லை. ஆகவே பட்டப்பெயருக்காகத் தெருவே காத்திருந்தது.

அது மளிகைக் கடையில் கிடைத்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, தெருமுனைக் கடையில் சர்க்கரை வாங்கிவர அவளை அனுப்பினேன். பால் பொங்கியது, ஆறியது, ஆடையும் கட்டிவிட்டது. ஆளைக் காணோம். பதறிப்போய் ஓடினேன்.

"இன்னாக்கா, உன் வூட்டுப் பொண்ணு வாத்தியார் பின்னாலயே நின்னுகினு கீது. கூப்ட்டா வரமாட்டேன்னுது. க்யூவாம்!" என்றார் கடைக்காரர்.

அந்த ரிட்டயர்டு வாத்தியார் எதுவும் வாங்க வருகிறவர் அல்லர். தினமும் கடைப் பலகையில் சாய்ந்துகொண்டு ஓசிப் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பவர். அவர் வாங்கி முடித்ததும் தன் முறை வரும் என்று இவள் பின்னால் நின்றிருக்கிறாள். நான் போனபோது அவர் அப்போதுதான் ராசிபலனுக்கு வந்திருந்தார். அன்றிலிருந்து அவள் க்யூ பாப்பா.

சாப்பாட்டில் வேறு கூத்து. விருந்தாளி சாப்பிட்ட பிறகு வீட்டார் உட்காருவது எங்கள் வழக்கம். எல்லாரும் உட்கார்ந்த பிறகு முதல் வாய் வைப்பது அவர்கள் வழக்கமாம். முதல் நாள் தட்டில் தோசையைப் போட்டுவிட்டு மூன்று பேரும் சுற்றி நின்று சிரித்தோம். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் தாடை வலித்தது.

"நைனா, நாம உக்காரணும்னு அவ உக்காந்துகினு கீறா," என்று மதி கண்டுபிடித்தாள்.

"அவ சாப்டணும்னு நாம நின்னுகினு கீறோம். நடுவுல தோசை இன்னா பாவம் பண்ணுச்சி?" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். அடுத்து மதி உட்கார்ந்தாள். நான் கரண்டியும் கையுமாக நின்றேன். அவள் விடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் நானும் உட்கார்ந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், என் வீட்டில் நான் சூடான தோசை சாப்பிட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஜன்னலோர நாற்காலி அவளுடையது என்று ஆகிப்போனது. அவள் உட்கார்ந்தால் நானும் உட்கார வேண்டும் என்பது சட்டமாயிற்று. அந்த ஒரு சட்டத்துக்காகவே அவளை ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

வினை பஸ் ஸ்டாண்டில் இருந்தது. பள்ளி அரக்கோணம் சாலையில். பள்ளி வேன் எங்கள் பக்கம் வராது. பைக்கிலும் ஆட்டோவிலும் ஏற்றக் கூடாது என்பது திட்டத்தின் விதி. டவுன் பஸ்தான் கதி. எங்கள் ஊரில் பஸ் ஏறுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட வேண்டும். துண்டு விழுந்த சீட் நம்முடையது. க்யூ பாப்பாவோ படிக்கட்டுக்கு நேராக, ஒற்றை ஆளாக, தனக்குத் தானே ஒரு வரிசையாக நிற்பாள். ஊரே அவளைத் தாண்டி ஏறும். பஸ் கிளம்பும். துண்டு போட்டுச் சீட் பிடித்த மதி, தோழியை விட்டுப் போக மனசில்லாமல் இறங்கிவிடுவாள். தினமும் இரண்டு பேரும் பிந்தித்தான் போனார்கள்.

ஒருநாள் டிரைவர் டீ குடிக்கப் போயிருந்ததால் பஸ் சும்மா நின்றது. அன்றைக்கு அவள் முதல் ஆளாக ஏறினாள். உள்ளே பார்த்தால் சீட்டுக்குச் சீட் துண்டு, கைக்குட்டை, டிபன் பை, போட வேறொன்றும் கிடைக்காத யாரோ எறிந்த ஒற்றைச் செருப்பு. ஐயோ பாவம், இவ்வளவு பேர் பொருளைத் தொலைத்துவிட்டார்களே என்று அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு போய்க் கண்டக்டர் கையில் ஒப்படைத்துவிட்டாள்.

"யாரும்மா நீ? நான் இன்னா இங்க லாண்டரியா வெச்சிருக்கேன்?" என்று கண்டக்டர் அலறினார்.

ஜனம் ஏறியது. நகரியிலிருந்து வந்த ஒரு அம்மா, "நா டவலு ஏதி? நா சீட்டு ஏதி?" என்று தன் துண்டும் சீட்டும் எங்கே எனத் தெலுங்கில் பிடித்துக்கொண்டார். செருப்புக்காரர் ஒற்றைக் காலில் நின்று நியாயம் கேட்டார். சண்டை ஓய்ந்து பஸ் கிளம்பியபோது, அன்றைக்கு இவர்கள் மட்டுமல்ல, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் லேட்.

பள்ளியிலிருந்து புகார் சென்னைக்குப் போனது. திட்டத்தைக் கவனிக்கிற மேடம் எனக்குப் போன் செய்தார்.

"அந்தப் பொண்ணால உங்க ஊர்ல அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியலம்மா. திங்கக்கிழமை நானே ஸ்கூலுக்கு வர்றேன். அன்னிக்கும் லேட்டுன்னா அப்படியே சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். வேற ஃபேமிலி ரெடியா இருக்கு. பெட்டியைக் கட்டி வைங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் குழம்புச் சட்டியில் போடப் பார்த்தேன். அட்ஜஸ்டாம்! என் வற்றல் குழம்பை மூக்கால் தண்ணீர் விட்டுக்கொண்டு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவளைப் பார்த்து! அவளுடைய பெட்டியை எடுக்கப் போனேன். மூடி மேல் அவள் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நான் போகல. இங்கதான் இருப்பேன்," என்று மதி கற்றுக்கொடுத்த தமிழில் சொன்னாள். மதி அழுதாள். நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் கடையில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது அவள் திடீரென்று பேச ஆரம்பித்தாள். தனியாக வரிசையில் நின்ற நேரமெல்லாம் அவள் சும்மா நிற்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"ஒரு ஆள் துண்டு போட்டார். டீ குடிக்கப் போனார். பஸ்ல நெறைய கூட்டம். எல்லாரும் நின்னுகினு இருந்தாங்க. அந்த சீட்ல யாரும் உக்காரல. கேட்டா, 'ஆள் வருது'ன்னு பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். அந்த ஆளை யாரும் பார்க்கல. ஆனா நம்பினாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, இது திருட்டு இல்ல. இதுவும் க்யூதான். இங்க ஆளுக்குப் பதிலா துணி நிக்குது."

பிறந்ததிலிருந்து துண்டு போடுகிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை.

"கரெக்டா சொல்லிச்சி பாரு!" என்று என் வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். "நாளைக்கு நீயே போடு, பாப்பா. எப்டிப் போடறதுன்னு நைனா காட்றேன்."

ஒன்றும் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவள் தன் ஊர்ப் பள்ளியின் ஹேண்ட்பால் அணியில் ஆடியவளாம். சிவப்புக் கரைத் துண்டை லேசாக நனைத்தாள். சுருட்டினாள், நுனியில் ஒரு முடிச்சுப் போட்டாள். தெருவில் எதிர்வீட்டு வாசல் வரை பின்னால் போய் நின்று ஒரு வீசு வீசினாள். துண்டு எங்கள் ஜன்னல் வழியாகப் பாய்ந்து சாப்பாட்டு மேஜையைத் தாண்டாமல் அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தது. தெரு கைதட்டியது. என் வீட்டுக்காரர் மட்டும், பெருமையெல்லாம் அண்ணன் தறிக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஆடி பரணி. மறுநாள் ஆடிக் கிருத்திகை. ஊரில் எள் போட்டால் எள் விழாது. மஞ்சள் புடவை, மொட்டைத் தலையில் சந்தனம், தோளில் காவடி, திரும்பிய பக்கமெல்லாம் அரோகரா. பாதி பஸ்களைச் சிறப்புப் பஸ்களாக வேறு பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். அரக்கோணம் பஸ்ஸுக்காக ஒரு படையே நின்றது. நானும் கூடப் போயிருந்தேன். இந்த பஸ்ஸை விட்டால் பாப்பா சென்னைக்காரி ஆகிவிடுவாள்.

கூட்டத்துக்குள் பஸ் ஊர்ந்து வந்தது. பாப்பா கையை ஓங்கினாள். அப்போது பார்த்து, மொட்டைக் குழந்தையைத் தூக்கி வைத்திருந்த ஒரு அம்மா, "கண்ணு, கையில புள்ள கீது. என் துண்டையும் போட்டுடும்மா," என்றார்.

பாப்பா ஓங்கிய கையை இறக்கினாள். "நீங்க எனக்கு முன்னாடி வந்தீங்க," என்று அந்த அம்மாவின் துண்டை வாங்கிச் சுருட்டி முதலில் வீசினாள். அத்தனை தலைக்கும் மேலே பறந்து, பாதி திறந்த ஜன்னலுக்குள் புகுந்து விழுந்தது. அவ்வளவுதான்.

"பாப்பா, இந்தா என்னுது!"

"எம்மா, எனக்கும் ஒண்ணு போடு!"

நாலா பக்கமும் துண்டுகள் நீண்டன. பாப்பா இரண்டு கைகளையும் தூக்கி, அந்த உயரத்திலிருந்து ஒரே வார்த்தை சொன்னாள்: "க்யூ!"

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். திருத்தணி பஸ் ஸ்டாண்டில், இரும்புக் கம்பி இல்லாமல், ஜனம் வரிசையில் நின்றது. அவரவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னால் வந்தவர் முன்னாலும் பின்னால் வந்தவர் பின்னாலும் நின்றார்கள். அவள் வாங்கி வாங்கி வீசினாள். ஒன்று தவறவில்லை. ஜன்னலில் தலையை நீட்டிய கண்டக்டர் அதே ஆள். "எல்லா துண்டையும் பொறுக்கிகினு வந்த பொண்ணா இது!" என்று விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்தே கத்தினார்.

எனக்கோ உயிர் போனது. "பாப்பா, நம்மளுதப் போடு, நம்மளுதப் போடுடி!" என்று கெஞ்சினேன்.

"அம்மா, நாம பின்னாடி வந்தோம்," என்றாள் அந்தப் பாவி.

எங்கள் முறை வந்தபோது பஸ் நின்றுவிட்டது. பின்பக்கத்தில் மூன்று பேர் சீட் ஒன்றுதான் பாக்கி. அதன் ஜன்னலில் கதவு முக்கால்வாசி இறங்கியிருந்தது. உள்ளே படியேறிய ஒருவர் அதை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். பாப்பா சிவப்புக் கரைத் துண்டை முடிச்சுப் போட்டாள். கீழிருந்து மேலாக ஒரு வீச்சு. அந்தச் சந்துக்குள் நுழைந்து சீட்டில் விழுந்தது துண்டு. அந்த மனிதர் உட்காரப் போனவர், துண்டைப் பார்த்துவிட்டு அப்படியே நிமிர்ந்துகொண்டார். "முருகா!" என்று நான் போட்ட சத்தத்துக்குச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் அரோகரா போட்டார்கள்.

மணி அடிக்கும் முன்பே பள்ளியில் இருந்தோம். பிரார்த்தனைக்கு நின்ற வரிசையில் பாப்பா தலை மட்டும் தனியாகத் தெரிந்தது. மேடத்தைத்தான் காணவில்லை. கார்களையெல்லாம் ஊருக்கு வெளியே திருப்பிவிட்டதில் அவர் எங்கெங்கோ சுற்றி, தலை கலைந்து, பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு வந்து இறங்கினார்.

"சாரி, ரொம்ப லேட் ஆயிடுச்சு," என்றார்.

இந்த வாய்ப்பை விடுவேனா? "பரவால்லீங்க மேடம். உங்களுக்குப் புது ஊரு. அட்ஜஸ்ட் ஆவ கொஞ்ச நாள் ஆவும்," என்றேன்.

அதற்குப் பிறகு பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. மிச்ச மாதங்களில் பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு இருந்த மரியாதை எந்த அரசியல்வாதிக்கும் கிடைத்திருக்காது.

வருஷம் முடிந்து அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று, ரயில் நிலையத்தில் எங்கள் தெருவே அவளை வழியனுப்ப வரிசையில் நின்றது. கடைக்காரர், பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்த வாத்தியார், லீவு போட்டுவிட்டு வந்த கண்டக்டர் என்று எல்லாரும் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே கடைசியில் நின்றார். அழுது முடிக்க அவருக்கு நேரம் தேவைப்பட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், ஜன்னலோர நாற்காலியில் சிவப்புக் கரைத் துண்டு விரித்துக் கிடந்தது. மறந்துவிட்டுப் போனாள் என்று முதலில் நினைத்தேன். கரை கசங்காமல் நீவி விரித்திருந்ததைப் பார்த்ததும் புரிந்தது. நான் அதைத் துவைக்கக்கூட எடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பொதட்டூர்பேட்டையிலிருந்து அண்ணன் வந்திருந்தார். சாப்பிட வந்தவர், காலியாக இருக்கிறதே என்று அந்த நாற்காலியை இழுத்தார். நான் வாயைத் திறக்குமுன் கை கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ண்ணா, அதுல உக்காராத. துண்டு கீது பாரு. ஆள் வருது."

யார் வருவது என்று அண்ணன் கேட்கவில்லை. மூலையில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.