அழாதவரைப் பார்க்க வாருங்கள்

நாட்டில் மனிதத்தன்மை செத்துக்கொண்டிருக்கிறது, அதைக் காப்பாற்ற ஒரே ஒரு ஆள்தான் மிச்சம், அந்த ஆள் தான்தான் என்று சென்சியோ ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவு செய்தார். ஆணிப் பெட்டிகளுக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் நடுவே உட்கார்ந்து எடுத்த முடிவு.

முழுப்பெயர் கிரெசென்சியோ பல்மாரெஸ். இலோயிலோ நகரத்தில் எங்கள் தெருமுனை இரும்புக்கடைக்காரர். கடை சும்மா ஒப்புக்குத்தான். நிஜமான தொழில் கருத்துச் சொல்வது. பேஸ்புக்கில் ‘நேர்க்கண்’ என்று ஒரு பக்கம் வைத்திருந்தார். அரசாங்க உதவி யாருக்குப் போகவேண்டும், யார் அதைச் சுருட்டுகிறான், எந்தப் படம் குப்பை, எந்த நடிகைக்கு அழத் தெரியாது, எல்லாவற்றுக்கும் அங்கே தீர்ப்பு உண்டு. தாழ்ப்பாள் வாங்க வருகிறவன் கூட ஒரு பிரசங்கத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் வீடு போய்ச் சேரமுடியும். ஆயிரக்கணக்கான பேர் படித்தார்கள். பாதிப் பேர் திட்டத்தான் படித்தார்கள். அதனால் என்ன, படித்தார்களே!

அன்று அவருக்கு வந்த கோபத்துக்குக் காரணம் சொந்த மனைவி பெர்லிட்டா.

எதிர்வரிசையில் இஞ்சி தட்டிப் போட்டு கோழிக் கஞ்சி விற்கிற மனாங் சியோனியைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. மனாங் என்றால் அக்கா, மனோங் என்றால் அண்ணன். அந்த அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் தவறாமல் ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரவேண்டும். அரசாங்கம் கொடுத்தது போக, மருந்துச் செலவு கழுத்தை நெரித்தது. பெர்லிட்டாவும் கோயில் பெண்களும் கூடிப் பேசி, மாலில் ஒரு சினிமாக் காட்சியை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். இது எங்கள் ஊர் வழக்கம். டிக்கெட்டைக் கொஞ்சம் கூட்டி விற்று, மிச்சத்தை நோயாளி கையில் கொடுத்துவிடுவோம். ஹால் நிரம்பினால் மருந்து வரும். நிரம்பாவிட்டால் கட்டின முன்பணமும் போய்விடும்.

சுவரொட்டி மாதிரியை பெர்லிட்டா கல்லாப்பெட்டி மேல் விரித்தாள். நடுவில் சியோனியின் முகம். மூக்கில் குழாய், கையில் குழாய், கண்ணில் பீதி.

"இது என்ன மாங்?" மனைவியை அவர் ‘மாங்’ என்பார், அவள் அவரை ‘பாங்’ என்பாள்.

"போஸ்டர். பாத்தாத் தெரியலையா?"

"அந்த அம்மாவோட மானத்தை இப்படிச் சுவத்துல ஒட்டப் போறியா? குழாயும் கையுமாப் படம் போட்டாத்தான் இந்த ஊர்ல மனுஷனுக்கு மருந்து கிடைக்குமா?"

"கிடைக்காதுதான் பாங். அதான் ஒட்டறோம்."

"இது அரசாங்கம் செய்யவேண்டிய வேலை!"

"செய்யட்டும். நான் தடுத்தேனா? அவங்க வர்றவரைக்கும் மனாங் சியோனியோட ரத்தம் காத்திருக்காதே."

"அதுக்கு அவங்க ஏன் வெட்கப்படணும்? வெட்கத்தை எல்லாம் நோயாளி தலையிலேயே கட்டறீங்க. நல்லா இருக்கறவன் சுமக்கட்டும்! கல்லு மாதிரி உடம்பை வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கானே, அவன் சுமக்கட்டும்!"

பெர்லிட்டா சுவரொட்டியை நிதானமாகச் சுருட்டினாள். "சரி. நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. அவங்க படத்தைப் போடலை."

சென்சியோவுக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் ஜெயித்த முதல் வாக்குவாதம்! அந்தக் குஷியில் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் சென்சியோ இல்லையே. உட்கார்ந்து ஒரு நீளமான பதிவு போட்டார். முதல் பாதி, நோயாளியின் மானம் பற்றி. அது நிஜமாகவே நன்றாக இருந்தது. நானே இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் பாதியில் கை அரித்தது. காட்சிக்கு எடுத்திருந்த படத்தை இழுத்துப் போட்டு அடித்தார். வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகிற அம்மா, விமான நிலையத்தில் ஓடுகிற பிள்ளை, அழுகையைப் படி போட்டு அளந்து விற்கிற படம் என்று எழுதினார். ‘இதைப் பார்த்து அழுகிறவனுக்கு மண்டைக்குள் இருப்பது வெங்காயம். என்னை முதல் வரிசையில் உட்கார வையுங்கள். ஒரு சொட்டு வந்தால் இந்தப் பக்கத்தையே மூடிவிடுகிறேன்’ என்று முடித்தார்.

மறுநாள் காலை முதல் வாடிக்கையாளர் பின்டோய். எலக்ட்ரீஷியன். கடைக்குள் வந்தவன் எதுவும் கேட்கவில்லை. அவர் முகத்தையே உற்று உற்றுப் பார்த்தான்.

"என்னடா வேணும்?"

"ஒண்ணும் வேணாம் மனோங். நிஜமாவே அழமாட்டீங்களா?"

"எதுக்கு அழணும்?"

"எங்க வீட்ல நாலு டிக்கெட் எடுத்திருக்கோம். அம்மா, நீங்க அழுதுடுவீங்கன்னு சொல்றா. அப்பா, அந்த ஆளுக்குக் கண்ணீர்ப்பையே கிடையாதுன்னு சொல்றாரு."

சென்சியோ வெளியே ஓடிவந்து பார்த்தார். மின்கம்பத்தில், பேக்கரிக் கண்ணாடியில், வாடகை டிரைசைக்கிளின் முதுகில், கோயில் வாசலில் எல்லாம் அவர் முகம்! கொழுந்தியாள் கல்யாணத்தில் பந்தி தாமதமானபோது எடுத்த படம். பார்த்தாலே பால் திரியும். மேலே கொட்டை எழுத்தில்: ‘அழாதவரைப் பார்க்க வாருங்கள்!’ கீழே பொடி எழுத்தில்தான் படத்தின் பெயரே.

"பெர்லிட்டா!"

"கத்தாதீங்க, காது நல்லாத்தான் கேக்குது."

"யாரைக் கேட்டு என் மூஞ்சியைப் போட்டே?"

"உங்களைக் கேட்டுத்தான். யாரோட மூஞ்சியாவது போடணுமே. கல்லு மாதிரி உடம்பை வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கறவன் சுமக்கட்டும்னு சொன்னது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா? நான் தேடிப் பாத்தேன் பாங். நம்ம வீட்ல அப்படி ஒருத்தர்தான் இருந்தாரு."



"நான் வரமாட்டேன். போ!"

"வராதீங்க. வித்த டிக்கெட்டை எல்லாம் வாபஸ் வாங்கச் சொல்லி எடுத்தவங்க சண்டைக்கு வருவாங்க. யாரும் அந்தப் படத்துக்காக வாங்கலை. அது குப்பைன்னு நீங்கதான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கீங்களே."

இரண்டு நாள் முறைத்துக்கொண்டே சோறு சாப்பிட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் மனாங் சியோனியே கடை ஏறி வந்தாள். மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு. பெரிய உடம்புக்காரி, பாதியாக உருகிப் போயிருந்தாள். மூடிபோட்ட கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள்.

"எதுக்கு மனாங் இந்த உடம்போட அலையறீங்க?"

"என் படத்தைப் போடக்கூடாதுன்னு நீதான் சண்டை போட்டியாமே." அவள் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "நான் சரின்னுதான் சொல்லியிருந்தேன். வேற வழி? ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலைப்பா. என் கிட்ட கஞ்சி வாங்கிக் குடிச்சவங்க எல்லாரும் இனிமே அந்தக் குழாயைத்தானே நினைச்சுப்பாங்கன்னு இருந்துச்சு. நீ பெரிய மனசு பண்ணி உன் மூஞ்சியைக் குடுத்தே. எவன் குடுப்பான்?"

‘நான் குடுக்கலை மனாங், புடுங்கிட்டாங்க’ என்பது சென்சியோவின் தொண்டை வரை வந்தது. கஞ்சியோடு சேர்த்து விழுங்கினார். உப்பு ஒரு கல் கூட, ஆனால் அதே கஞ்சி.

ஞாயிற்றுக்கிழமை ஹால் பிதுங்கியது. படம் ஆரம்பித்தது, திரையைப் பார்க்க ஆள் இல்லை. எல்லாக் கழுத்தும் முதல் வரிசைப் பக்கமே திரும்பியிருந்தது. பின்டோய் வீட்டார் நான்கு பேரும் குனிந்து எட்டிப் பார்த்தார்கள். சென்சியோ நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தைச் செங்கல் மாதிரி வைத்துக்கொண்டார். படத்து அம்மா வேலைக்குப் போனாள். செங்கல். பிள்ளைக்குக் காய்ச்சல். செங்கல். விமான நிலையம், ஓட்டம், கதறல். ஹாலே மூக்கை உறிஞ்சியது. அவர் மட்டும் அசையவில்லை. உள்ளுக்குள் நாளைக்குப் போடப்போகும் பதிவின் முதல் வரி கூடத் தயார்.

பக்கத்து இருக்கையில் மனாங் சியோனி. அந்த இடத்தை ஒதுக்கியது யார் என்று சொல்லவேண்டியதில்லை. முந்தின நாள் ரத்தம் சுத்தம் பண்ணின அசதி. பாதிப் படத்திலேயே அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அந்தத் தலைக்குக் கனமே இல்லை. அவளுடைய இடது கை சரிந்து அவர் கைமேல் விழுந்தது.

விர்ர்ர் என்று ஒரு அதிர்வு. போன்தான், யாரோ கருத்துப் போட்டிருக்கிறான் என்று சென்சியோ மறுகையால் சட்டைப்பையைத் தடவினார். போன் அங்கே அணைந்து கிடந்தது. அதிர்வு நிற்கவில்லை. குனிந்து பார்த்தார். அவள் கையில், ஊசி போடுவதற்காக டாக்டர்கள் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. அதுதான் அதிர்ந்துகொண்டிருந்தது. தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுகிற ஓட்டம், அவர் புறங்கையில் அப்படியே தெரிந்தது. அந்த அம்மா தூங்கினாலும் அது தூங்கவில்லை. எத்தனையோ தடவை அவள் வியாதியைப் பற்றி எழுதியிருக்கிறார், அரசாங்கத்தை வறுத்திருக்கிறார். ஒரு நாளும் அந்தக் கையைத் தொட்டதில்லை.

அவ்வளவுதான். செங்கல் கரைந்தது. திரையில் அப்போது ஓடியது என்னவோ சிரிப்புக் காட்சி; ஊரே சிரிக்கும்போது சென்சியோ தேம்பித் தேம்பி அழுதார். கையை எடுத்துத் துடைத்துக்கொள்ளவும் முடியாது, அவள் விழித்துவிடுவாள். கண்ணீர் தாடையில் சொட்டியது. ஹாலில் இருந்த அத்தனை போனும் அவர் பக்கம் திரும்பின.

விடிவதற்குள் அவர் அழுத படம் ஊரைச் சுற்றிவிட்டது. ‘மண்டையில் வெங்காயம்’ என்று ஆயிரம் பேர் சிரித்திருந்தார்கள். சென்சியோ கல்லாவில் உட்கார்ந்து மறுப்பு எழுதினார். தோள் மரத்துப்போனது, ஏசிக் காற்று கண்ணில் பட்டது, சிரிப்புக் காட்சியில் எவனாவது அழுவானா என்று பக்கம் பக்கமாக. எழுதி முடித்து ஒருமுறை படித்தார். அவருக்கே கூச்சமாக இருந்தது. அந்தக் கை அவர் கைமேல் இன்னும் அதிர்வதுபோலவே இருந்தது. எல்லாவற்றையும் அழித்தார். ‘ஆமாம், அழுதேன். சொன்னபடி பக்கத்தை மூடுகிறேன்’ என்று மட்டும் போட்டார். மனசு லேசானது. உண்மையைச் சொன்ன திருப்தி ஒருபக்கம். இந்தக் கூத்து இத்தோடு ஒழிந்தது என்ற நிம்மதி ஒருபக்கம்.

உள்ளே போய் பெர்லிட்டாவிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "ஒத்துக்கிட்டேன். முடிஞ்சது. இனிமே என் மூஞ்சியைக் காட்டி நீ ஒரு டிக்கெட் விக்க முடியாது. அழுதவனைப் பாக்க எவன் வருவான்?"

பெர்லிட்டா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அழாதவரைப் பாக்க ஒரு ஹால் போதுமா இருந்துச்சு பாங். அழுதவருக்கு ரெண்டு ஹால் கேக்கறாங்க, அடுத்த மாசத்துக்கு முன்பணம் கட்டிட்டேன்."